ஓடும் அணுவுக்கு ஒரு கடிவாளம்

நாம் இப்போது உள்ளே இழுத்த மூச்சில் இருக்கும் நைட்ரஜன் மூலக்கூறுகள் விநாடிக்கு ஏறத்தாழ 500 மீட்டர் வேகத்தில் பாய்ந்துகொண்டிருக்கின்றன. ஒலியின் வேகம் 340 மீட்டரைச் சற்றே தாண்டும். அதனினும் இவை விரைவானவை. அத்துணை வேகம் இருந்தும் அறையின் ஒரு மூலையில் ஏற்றிய ஊதுவத்தியின் மணம் மறுமூலைக்கு வந்து சேர நேரம் பிடிக்கிறது. காரணம் நாம் அறிந்ததே. விநாடிக்குப் பல நூறு கோடி முறை அவை ஒன்றோடொன்று முட்டித் திசை மாறுகின்றன. ஆனால் காற்றை அகற்றிய குழாய் ஒன்றில் சிறு துளை வழியாக அணுக்களைப் புகவிட்டால், முட்டுவதற்கு எதிரில் யாரும் இல்லை. அவை ஒரு கற்றையாக நேர்க்கோட்டில் ஓடும். ஒரு மீட்டர் நீளமுள்ள கருவியை அக்கற்றை ஆயிரத்தில் இரண்டு விநாடிக்குள் கடந்து மறைந்துவிடும்.

ஆராய்ச்சியாளருக்கு இங்கேதான் இடர்ப்பாடு. ஒரு பொருளை எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவுக்கே அதைத் துல்லியமாக அளக்க இயலும். அணு உமிழும் ஒளியின் அதிர்வெண்ணை அளப்பதாயினும், இரண்டு மூலக்கூறுகள் மெல்ல அணுகி எங்ஙனம் வினைபுரிகின்றன என்று காண்பதாயினும், ஓடுகிறவனை நிறுத்தி வைத்துப் பேச வேண்டியிருக்கிறது. நிறுத்துவது எப்படி? கையால் பிடிக்க முடியாது. சுவரில் மோதவிட்டால் ஒட்டிக்கொள்ளும், அல்லது சுவரின் வெப்பத்தைப் பெற்றுக்கொண்டு மீண்டும் அதே வேகத்தில் துள்ளும்.

அந்த அணுவுக்கு மின்னூட்டம் மட்டும் இருந்தால் வேலை எளிது. விநாடிக்கு 500 மீட்டர் ஓடும் ஹைட்ரஜன் அணுவை எடுத்துக்கொள்வோம். அதன் எலெக்ட்ரானைப் பறித்துவிட்டால் எஞ்சுவது ஒரு புரோட்டான். அதை நிறுத்தத் தேவையான மின்னழுத்தம் எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் 1.3 பங்கு! கைவிளக்கில் போடும் 1.5 வோல்ட் மின்கலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எலெக்ட்ரானைத் திருப்பிக் கொடுத்துவிட்டாலோ, அந்த அணுவை மின்கலம் அசைக்காது. ஆயிரம் வோல்ட் வைத்தாலும் அது தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். மின்னூட்டம் என்பது அணுவுக்கு ஒரு கைப்பிடி போன்றது. நடுநிலை அணுவுக்கு அந்தக் கைப்பிடி இல்லை.

ஆயினும் வேறொரு சிறு பிடி உண்டு. ஹைட்ரஜனின் ஒற்றை எலெக்ட்ரான் தன் தற்சுழற்சியால் ஒரு நுண்ணிய காந்தமாக இருக்கிறது. இணை சேராத எலெக்ட்ரான் உள்ள எந்த அணுவும் அவ்வாறே. இந்தப் பிடி உண்மையில் இழுத்தால் வரும் என்பதை முதன்முதலில் காட்டியவர்கள் ஜெர்மனியில் பிராங்பர்ட் நகரில் உழைத்த ஓட்டோ ஸ்டெர்னும் வால்தர் கெர்லாக்கும் ஆவர். 1922இல் அவர்கள் வெள்ளியை உலையில் ஆவியாக்கி, அந்தக் கற்றையை ஓரிடத்தில் வலுத்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருக்கும் காந்தப்புலத்தின் ஊடே செலுத்தினர். கற்றை இரண்டாகப் பிளந்தது. பிளவின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. கண்ணாடித் தகட்டில் படிந்த வெள்ளி முதலில் கண்ணுக்கே புலப்படவில்லையாம். ஸ்டெர்ன் பிடித்த மலிவான சுருட்டின் புகையில் இருந்த கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்ததால்தான் கோடுகள் தெரிந்தன என்று ஸ்டெர்னே பிற்காலத்தில் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஆய்வுக்கூடத்தில் புகைபிடிப்பதற்கு இதைச் சான்றாகக் காட்ட வேண்டாம்!

அந்தச் சோதனையில் காந்தம் அணுவைப் பக்கவாட்டில் தள்ளிற்று. அதே விசையை அணு ஓடும் திசைக்கு எதிராகத் திருப்பினால் அது தடையாகும் அன்றோ? எண்ணம் எளியது. அதைச் செய்து முடிக்க 85 ஆண்டுகள் பிடித்தன. ஏன் என்பதைக் கணக்கே சொல்லும்.

எலெக்ட்ரான் காந்தத்தின் வலிமைக்குப் போர் மாக்னெட்டான் என்னும் அலகு வழங்குகிறது. ஒரு டெஸ்லா வலிமையுள்ள புலத்துக்குள், அஃதாவது புவியின் காந்தப்புலத்தைப்போல் ஏறத்தாழ 20,000 மடங்கு வலிய புலத்துக்குள், ஓர் எலெக்ட்ரான் காந்தம் எதிர்முகமாக ஏறிச் செல்லும்போது அது இழக்கும் ஆற்றலை வெப்பநிலைக் கணக்கில் சொன்னால் 0.67 கெல்வின். நம் அறையின் வெப்பநிலையோ 300 கெல்வின். யானையை எறும்பு தடுப்பது போன்றது இது. விநாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் வரும் ஹைட்ரஜன் அணு இந்த ஒரு டெஸ்லா மேட்டில் ஏறி உச்சியை அடையும்போது அதன் வேகம் 489 மீட்டராகக் குறையும். அவ்வளவே. முழுவதும் நிறுத்த இத்தகைய மேடுகள் 22 அல்லது 23 வேண்டும்.

இருபத்திரண்டு காந்தங்களை வரிசையாக வைத்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. இருநூறு வைத்தாலும் போதாது. இந்த இடத்தை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். இங்கே குழம்பினால் பின்னால் வருவது எதுவும் விளங்காது.

மிதிவண்டியில் மிதிக்காமல் ஒரு மேம்பாலத்தில் ஏறுகிறோம். ஏற ஏற வேகம் குறைகிறது. உச்சியைத் தாண்டி மறுபுறம் இறங்கினால் இழந்த வேகம் அத்தனையும் திரும்பி வந்துவிடுகிறது. உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், பாலத்துக்கு முன் இருந்த வேகமே பாலத்துக்குப் பின்னும். மாறாத காந்தப்புலமும் இப்படித்தான். உள்ளே நுழையும்போது அணுவிடமிருந்து வாங்கிய ஆற்றலை வெளியேறும்போது ஒரு காசு குறையாமல் திருப்பிக் கொடுத்துவிடும். அத்தனை நாணயமான கடன்காரனால் நமக்கு ஒரு பயனும் இல்லை.

ஆகவே சூழ்ச்சி இதுதான். அணு மேட்டின் உச்சிக்கு வந்துசேரும் தறுவாயில் மேட்டையே இல்லாமல் செய்துவிட வேண்டும். மிதிவண்டிக்காரர் உச்சியில் இருக்கும்போது பாலம் மறைந்தால் அவர் கீழே விழுவார், அணு விழுவதில்லை. குறைந்த வேகத்தோடு சமதரையில் தன் பயணத்தைத் தொடரும். காந்தப்புலத்தை மின்னோட்டம் ஓடும் கம்பிச்சுருளால் உண்டாக்கினால் இதைச் செய்யலாம். மின்னோட்டத்தை நிறுத்தினால் மேடு மறைகிறது. அடுத்த சுருளில் மின்னோட்டம் பாய்கிறது. அடுத்த மேடு எழுகிறது. அணு அதிலும் ஏறுகிறது, அதுவும் மறைகிறது. இறங்குமுகம் என்பதே அணுவுக்குக் கிடைப்பதில்லை. வாழ்க்கை முழுவதும் ஏற்றம்தான். அது இழந்த ஆற்றல் எங்கே போயிற்று எனில், சுருளின் மின்சுற்றுக்குப் போயிற்று. அணுவின் சிறு காந்தம் சுருளுக்குள் தூண்டும் மின்னழுத்தத்தின் வழியாக அந்தக் கொடுக்கல் வாங்கல் நடக்கிறது. அளவு மிக மிகச் சிறியது. ஆயினும் கணக்கு நேராக வரும்.

ஒவ்வொரு மேடும் பறிப்பது ஒரே அளவு ஆற்றலை. ஒரே அளவு வேகத்தை அன்று. முதல் மேடு விநாடிக்கு 11 மீட்டரைக் குறைத்தது என்று கண்டோம். அதே உயரமுள்ள மேடு, இறுதிக் கட்டத்தில் விநாடிக்கு 105 மீட்டர் வேகத்தில் வரும் அணுவை ஒரேயடியாக நிறுத்திவிடும். இயக்க ஆற்றல் வேகத்தின் இருபடியைப் பொறுத்தது என்று பள்ளியில் மனப்பாடம் செய்த வாய்பாடு இங்கே எத்துணை உயிருடன் நிற்கிறது, பாருங்கள்.

இனி ஓர் ஐயம் எழக்கூடும். திசைகாட்டி முள்ளைக் காந்தத்தின் அருகே கொண்டுபோனால் அது திரும்பிக்கொண்டு காந்தத்தை நோக்கி ஓடுகிறது. அணுவும் அவ்வாறு திரும்பிக்கொண்டால் மேடு பள்ளமாகிவிடாதா? எதிர்முகமாக ஏறுவதற்குப் பதில் இழுபட்டுப் பாயாதா? திரும்பாமைக்குக் காரணம் அதன் சுழற்சி. சாய்ந்து சுழலும் பம்பரம் தரையில் விழாமல் தலையைச் சுற்றுகிறதன்றோ? அதுபோல எலெக்ட்ரான் காந்தமும் புலத்தின் திசையைச் சுற்றித் தலையாட்டிக்கொண்டே இருக்கும். புலத்தோடு தான் கொண்ட சாய்வை மாற்றாது. ஒரு டெஸ்லாவில் இந்தத் தலையாட்டம் விநாடிக்கு 2,800 கோடி முறை நிகழ்கிறது. சுருளின் மின்னோட்டம் எழுவதும் விழுவதும் அதனோடு ஒப்பிட்டால் மந்தமான வேலை. எனவே வலிய புலத்தை வெறுக்கும் சாய்வோடு புறப்பட்ட அணு கடைசிவரை அதை வெறுத்துக்கொண்டே செல்லும். வலிய புலத்தை விரும்பும் சாய்வோடு பிறந்த மற்ற அணுக்கள் உண்டு. அவற்றை இந்தக் கருவி நிறுத்தாது. அவை சுருளின் சுவரை நோக்கிச் சிதறிப் போகும். சுருளுக்குள் கம்பியின் அருகே புலம் வலுத்தும் நடு அச்சில் மெலிந்தும் இருப்பதால், வெறுக்கும் அணுக்கள் தாமாகவே நடுவில் ஒதுங்கிக்கொள்ளும். வேகத்தைக் குறைக்கும் கருவியே கற்றையைக் குவிக்கவும் செய்கிறது. இது கேளாமல் கிடைத்த கொடை.

புலம் முற்றும் அற்றுப்போகும் இடத்தில் மட்டும் ஆபத்து. அங்கே பம்பரத்தின் தலையாட்டம் நின்றுவிடும். எந்தத் திசையைச் சுற்றுவது என்று அணுவுக்குத் தெரியாது. மீண்டும் புலம் தோன்றும்போது வெறுப்பு விருப்பாக மாறியிருக்கலாம். இதன் கணிதத்தை 1932இலேயே இத்தாலியரான எத்தோரே மயோரானா ஆராய்ந்தார். இக்காரணம் பற்றியே, ஒரு சுருளின் மின்னோட்டம் முற்றும் அடங்குமுன் அடுத்த சுருளின் மின்னோட்டத்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

மற்றொரு தேவை, தொடக்கத்திலேயே ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடும் அணுக்கூட்டம். உலையிலிருந்து வரும் கற்றையில் மெல்ல நடப்பவனும் உண்டு, தலைதெறிக்க ஓடுபவனும் உண்டு. ஒருவனுக்குப் பொருத்தமான நேரத்தில் மேட்டை மறைத்தால் மற்றவனுக்கு அது பொருந்தாது. மீயொலிக் கற்றை என்னும் முறை இதற்கு உதவுகிறது. உயர்ந்த அழுத்தத்தில் அடைத்த வாயுவை நுண்ணிய துளை வழியாக வெற்றிடத்துக்குள் சட்டென்று பீறிடச் செய்கின்றனர். துளையருகே அணுக்கள் ஒன்றையொன்று முட்டி முட்டி, மூலைக்கொன்றாக இருந்த தம் வேகங்களை ஒரே முன்நோக்கிய வேகமாக மாற்றிக்கொள்கின்றன. சென்னைக்கு விடுமுறைக்குச் செல்லும் ஜி. டி. எக்ஸ்பிரஸ் இரவில் ஓடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் அத்தனை பேரும் உறக்கம்; ஒருவருக்கொருவர் அசைவே இல்லை. வெளியே நிற்பவனுக்கோ அத்தனை பேரும் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறார்கள். மீயொலிக் கற்றையும் அத்தகையதே. தம்முள் ஒப்பிட்டால் அணுக்கள் ஒரு கெல்வின் அளவுக்கும் அதற்குக் கீழும் குளிர்ந்திருக்கும். ஆனால் கூட்டம் முழுவதும் விநாடிக்குப் பல நூறு மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த ஓட்டத்தின் வேகம் வாயுவின் எடையைப் பொறுத்தது. அறை வெப்பநிலையில் ஹீலியம் மட்டும் பீறிட்டால் விநாடிக்கு ஏறத்தாழ 1,750 மீட்டர். செனான் ஆயின் 300 மீட்டர். ஹைட்ரஜன் போன்ற இலேசான அணுவைச் சிறிதளவு எடுத்துக் கனமான வாயுவோடு கலந்து விட்டால், இலேசானதும் கனத்ததன் வேகத்திலேயே செல்லும். பெரிய மனிதர் நடையை ஒட்டிச் சிறுவன் நடப்பது போல.

மேட்டை உரிய கணத்தில் மறைக்கும் இந்த வித்தையை முதலில் செய்து காட்டியது காந்தம் அன்று, மின்புலம். நெதர்லாந்தில் ஜெரார்டு மேயரும் அவருடைய குழுவினரும் 1999இல் கார்பன் மோனாக்ஸைடு மூலக்கூறுகளை மின்புல மேடுகளால் தாமதப்படுத்தினர். அந்த மூலக்கூறில் ஒரு முனை நேர்மின்னும் மறுமுனை எதிர்மின்னுமாக இருப்பதால் மின்புலம் அதைப் பற்றிக்கொள்ள இடம் இருந்தது. தனி அணுவில் அத்தகைய முனைகள் இல்லை. அதற்குக் காந்தமே வழி. சுவிட்சர்லாந்தில் சூரிச் நகரத் தொழில்நுட்பக் கழகத்தில் பிரெடெரிக் மெர்க்ட்டின் குழுவினர் 2007இல் ஹைட்ரஜன் அணுக்களையே இவ்வாறு தாமதப்படுத்திக் காட்டினர். அம்மோனியா வாயுவைப் புற ஊதா லேசரால் உடைத்து அந்த ஹைட்ரஜனைப் பெற்றனர். அடுத்த ஆண்டே தாமதமான அணுக்களைக் காந்தக் கூண்டு ஒன்றில் சிறைப்பிடிக்கவும் செய்தனர்.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் மார்க் ரைசனும் எட்வர்தாஸ் நரேவிசியஸும் மற்றவர்களும் 64 சுருள்களை வரிசையாக வைத்து ஒரு கருவி செய்தனர். சுருள்களால் குண்டை முடுக்கி எறியும் காந்தப் பீரங்கியைப் பலர் அறிந்திருக்கலாம். இது அந்தப் பீரங்கியைத் தலைகீழாக ஓட்டுவது. அவர்கள் எடுத்துக்கொண்டது நியான். நியான் அணு இயல்பு நிலையில் காந்தத்தன்மை அற்றது. மின்னிறக்கத்தின் வழியே அதைத் தூண்டி, பல விநாடிகள் நிலைத்திருக்கக்கூடிய ஒரு மேல்நிலைக்குக் கொண்டுபோனால் நல்ல காந்தமாகிவிடும். 2008இல் வெளியிட்ட முடிவின்படி, விநாடிக்கு 446.5 மீட்டர் வேகத்தில் நுழைந்த நியான் அணுக்கள் 55.8 மீட்டர் வேகத்தில் வெளிவந்தன. மணிக்கு 1,600 கிலோமீட்டர் ஓடியது 200 கிலோமீட்டருக்கு வந்துவிட்டது எனலாம். இயக்க ஆற்றலில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் பறிபோயிற்று. சுருள் ஒன்றுக்குச் சராசரி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு. அதே ஆண்டில், நாம் மூச்சில் கொள்ளும் ஆக்ஸிஜன் மூலக்கூறையே விநாடிக்கு 389 மீட்டரிலிருந்து 83 மீட்டருக்குக் குறைத்தனர். ஆக்ஸிஜன் மூலக்கூறில் இணை சேராத இரண்டு எலெக்ட்ரான்கள் இருப்பது வேதியியல் மாணவருக்குத் தெரிந்த செய்திதான்.

85 ஆண்டுத் தாமதத்துக்கு வருவோம். விநாடிக்கு 500 மீட்டர் ஓடும் அணு ஒரு சென்டிமீட்டர் நீளச் சுருளை 20 மைக்ரோ விநாடியில் கடந்துவிடும். அதற்குள் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை எழுப்பவும் வேண்டும், சில மைக்ரோ விநாடியில் அவிக்கவும் வேண்டும். சுருளோ தன் மின்தூண்டலால் மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் இயல்புடையது. 10 மைக்ரோஹென்றி தூண்டல் உள்ள சுருளில் 300 ஆம்பியரை 5 மைக்ரோ விநாடியில் நிறுத்த முயன்றால் 600 வோல்ட் எதிர்த்து எழும். அதைத் தாங்கி, ஒவ்வொரு முறையும் தவறாமல் திறந்து மூடும் மின்னணுச் சாவிகள் ஸ்டெர்ன் காலத்தில் இல்லை. கொள்கை பழையதாயினும் சாவி புதியது என்பது என் கருத்து. இயற்பியலின் பல வெற்றிகளில் கொள்கை அறிஞருக்குக் கிடைக்கும் புகழில் கால்பங்குகூட மின்சுற்று அமைத்தவருக்குக் கிடைப்பதில்லை.

அணுக்கூட்டம் எவ்வளவு சீராக ஓடினாலும் எல்லாம் ஒரே வேகத்தில் இரா. ஒன்று சற்று முந்தும், ஒன்று சற்றுப் பிந்தும். 64 மேடுகளைத் தாண்டுவதற்குள் முந்தியவையும் பிந்தியவையும் தாளம் தவறிச் சிதறிவிட வேண்டும். சிதறவில்லை. ஏன்? மேட்டின் சரியான உச்சியில் மின்னோட்டத்தை நிறுத்தாமல், நடுவில் செல்லும் அணு உச்சியை எட்டுவதற்குச் சற்று முன்பே நிறுத்துகிறார்கள். அப்போது முந்தி வந்த அணு மேட்டில் இன்னும் சிறிது உயரே ஏறியிருக்கும். அது கூடுதலாக ஆற்றலை இழக்கும். பிந்தி வந்தது குறைவாக ஏறியிருக்கும், குறைவாகவே இழக்கும். ஆகவே முந்தியது பின்தங்கிக் கூட்டத்தோடு சேரும். பிந்தியது எட்டிப் பிடிக்கும். முந்துவதும் பிந்துவதுமாக ஊசலாடிக்கொண்டே கூட்டம் ஒன்றாகச் செல்லும். உச்சிக்கு எவ்வளவு நெருங்கி நிறுத்துகிறோமோ அவ்வளவு ஆற்றல் பறிபோகும். ஆனால் கூட்டம் தளர்ந்துபோகும். முன்னதாகவே நிறுத்தினால் கூட்டம் இறுகும். சுருள்கள் அதிகம் வேண்டும். எது வேண்டும் என்று கருவி செய்பவர் தேர்ந்துகொள்ள வேண்டியதுதான். துகள்களை முடுக்கும் பெரிய பொறிகளுக்காக இந்த உண்மையை ரஷ்யாவில் வெக்ஸ்லர் 1944இலும் அமெரிக்காவில் மக்மில்லன் 1945இலும் தனித்தனியே கண்டனர். விரைவுபடுத்தக் கண்ட விதி மெதுவாக்கவும் பயன்படுகிறது.

பெயரைப் பற்றி ஒரு சொல். காந்தப்புலம் அணுவின் ஆற்றல் நிலைகளைப் பிரிப்பதை 1896இல் ஜீமன் என்னும் டச்சு அறிஞர் நிறமாலைக் கோடுகளில் கண்டார். ஆகவே மேற்சொன்ன கருவியை ஜீமன் தடைக்கருவி என்கிறார்கள். ஆனால் இதற்கு முன்பே வேறொரு கருவி ஜீமன் பெயரைத் தாங்கிவிட்டது. 1982இல் அமெரிக்காவில் வில்லியம் பிலிப்ஸும் ஹரால்டு மெட்காஃபும் சோடியம் கற்றையை லேசர் ஒளியால் நிறுத்த முயன்றனர். எதிரே வரும் ஒளித்துகள் ஒவ்வொன்றும் சோடிய அணுவை விநாடிக்கு 3 சென்டிமீட்டர் அளவே தடுக்கும். 1,000 மீட்டர் வேகத்தை ஒழிக்க முப்பதாயிரத்துக்கு மேல் ஒளித்துகள்கள் வேண்டும். வேகம் குறையக் குறைய அணு காணும் ஒளியின் அதிர்வெண் டாப்ளர் விளைவால் மாறிப்போய், அணு ஒளியை ஏற்காமல் விட்டுவிடும். அதைச் சரிக்கட்ட, ஒரு முனையில் வலுத்து மறுமுனையில் மெலியும் காந்தச்சுருள் ஒன்றை வழிநெடுக வைத்தனர். அங்கே தடுப்பது ஒளி. காந்தம் சுருதி கூட்டுவதோடு சரி. நம் கருவியிலோ காந்தமே தடுக்கிறது. இரண்டையும் ஒன்றென்று எழுதும் நூல்களைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள்.

லேசர் வழி அத்தனை நன்றாயின் காந்த வழி எதற்கு? லேசர் வழி எல்லா அணுவுக்கும் ஏற்றதன்று. சோடியத்துக்கு மஞ்சள் ஒளி போதும். ஹைட்ரஜனுக்கு வேண்டியது 121.6 நானோமீட்டர் அலைநீளம். கண்ணுக்குத் தெரியாத, கடும் புற ஊதா ஒளி. சாதாரணக் கண்ணாடி அதை ஊடே விடாது. கணக்குப்படி 500 மீட்டர் வேகத்தை ஒழிக்க 150 ஒளித்துகள்களே போதும். அந்த ஒளியை வேண்டிய வலிமையில் உண்டாக்குவதுதான் பெரும்பாடு. செய்ய முடியாததன்று, 2021இல் ஐரோப்பிய ஆராய்ச்சிக் கூடமான செர்னில் எதிர்ஹைட்ரஜன் அணுக்களையே அந்த ஒளியால் குளிர்வித்தனர். ஆயினும் எல்லா ஆய்வுக்கூடங்களிலும் செய்யத்தக்கதன்று. காந்தம் நிறம் பார்ப்பதில்லை. இணை சேராத எலெக்ட்ரான் ஒன்று இருந்தால் போதும். தனிமங்களில் பெரும்பாலானவை இயல்பு நிலையிலோ நியானைப்போல் தூண்டிய நிலையிலோ இதற்கு உட்படும்.

இவ்வளவு சொன்ன பிறகு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். மெதுவாக்குவது வேறு, குளிர்விப்பது வேறு. ஜி. டி. எக்ஸ்பிரஸ் நிலையத்தில் நின்றுவிட்டதால் உள்ளே புரண்டு படுப்பவர்கள் புரளுவதை நிறுத்துவதில்லை. கருவிக்குள் நுழையும்போது அணுக்களுக்குள் ஒன்றுக்கொன்று இருந்த வேக வேறுபாடும் இடப்பரப்பும் சேர்ந்த ஒரு பெருக்கம் உண்டு. இத்தகைய விசைகளால் அந்தப் பெருக்கத்தைச் சுருக்க இயலாது. லியூவில் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞரின் தேற்றம் அதற்குத் தடை. ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்கும். மேலும் கற்றை மெதுவாகும்போது பக்கவாட்டில் பரவ அதற்கு அதிக நேரம் கிடைக்கிறது. பல அணுக்கள் வழியிலேயே தொலைந்துபோகின்றன. எனவே தடைக்கருவி, அணுக்களைக் கூண்டின் வாசல்வரை அழைத்து வரும் வேலையைத்தான் செய்கிறது. உள்ளே வந்த பின் குளிர்விக்க வேறு முறைகள் வேண்டும். சூடான அணுக்களை வெளியேற்றி எஞ்சியவற்றைக் குளிரச் செய்யும் ஆவியாதல் முறை அவற்றுள் ஒன்று. 1924இல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்த ஒடுக்கநிலை இருக்கிறதே, அதை ஹைட்ரஜனில் 1998இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கிளெப்னரும் கிரேடக்கும் கண்டது அம்முறையால்தான். தொடக்கக் குளிர்ச்சிக்கு அவர்கள் ஹீலியம் பூசிய உறைகுளிர்ச் சுவர்களைப் பயன்படுத்தினர்.

ஹைட்ரஜனுக்கு இத்தனை பாடுபடுவது ஏன் என்றால், நாம் முற்றும் கணக்கிட்டு அறியத்தக்க ஒரே அணு அதுதான். அதன் நிறமாலைக் கோட்டை ஒரு கோடியிலும் கோடியில் ஒரு பங்குக்கு மேற்பட்ட துல்லியத்தில் அளந்திருக்கிறார்கள். 2010இல் சுவிட்சர்லாந்தில், எலெக்ட்ரானுக்குப் பதிலாக மியூவான் சுற்றும் ஹைட்ரஜனை அளந்தபோது புரோட்டானின் ஆரம் 0.84 பெம்டோமீட்டர் என்று வந்தது. அதுவரை ஏற்றுக்கொண்டிருந்த அளவு 0.88. வேறுபாடு நூற்றுக்கு நான்குதான். ஆனால் அளவைப் பிழையின் எல்லையைப் பன்மடங்கு தாண்டியது. சாதாரண ஹைட்ரஜனை மீண்டும் மீண்டும், மேலும் கூர்மையாக அளக்க வேண்டிய கட்டாயம் அதனால் பிறந்தது. விநாடிக்குச் சில நூறு மீட்டர் ஓடும் கற்றையைவிட நிற்கும் அணு அந்த வேலைக்கு உகந்தது.

ஹைட்ரஜனின் தமையனான ட்ரிட்டியத்துக்கும் இதே தேவை எழுந்திருக்கிறது. ட்ரிட்டியம் சிதையும்போது வெளிவரும் எலெக்ட்ரான்களின் ஆற்றலை அளந்து நியூட்ரினோவின் நிறையை மதிப்பிடுகிறார்கள். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ நகரில் நடந்த கட்ரின் சோதனை 2025இல் வெளியிட்ட முடிவு, அந்த நிறை 0.45 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இராது என்கிறது. அங்கே பயன்படுவது இரண்டு ட்ரிட்டிய அணுக்கள் இணைந்த மூலக்கூறு. ஒன்று சிதையும்போது மற்றது நடுங்குகிறது. அந்த நடுக்கம் அளவீட்டில் கலந்துவிடுகிறது. இதனினும் நுட்பமாக அளக்க விரும்புவோர் தனி ட்ரிட்டிய அணுக்களைச் சுவரில் படாமல் காந்தக் கூண்டில் தொங்கவிட வேண்டும் என்று திட்டமிடுகிறார்கள். சுவரில் பட்டால் அணுக்கள் மீண்டும் இணைந்துவிடும். ட்ரிட்டியத்தின் எடை ஹைட்ரஜனைப்போல் மூன்று மடங்கு. அதன் எலெக்ட்ரான் காந்தமோ அதே வலிமை. ஆகவே விநாடிக்கு 500 மீட்டர் வேகத்தில் வரும் ட்ரிட்டிய அணுவை நிறுத்த, ஒரு டெஸ்லா மேடுகள் 22க்குப் பதில் 67 வேண்டும். ஆஸ்டினில் 64 சுருள்கள் 2008இலேயே ஓடியிருக்கின்றன.